விளக்கு வைக்கிற நேரத்துக் காய்ச்சல்

என் அக்கா மகளும் நர்ஸ்தான். இரண்டு வருடம் முன்பு நியூசிலாந்துக்கு வேலைக்குப் போனாள். அங்கே வெளிநாட்டிலிருந்து வரும் நர்சுகள் உள்ளூர் நர்சிங் விதிகளோடு கூடவே ஒரு பாடம் படித்தாக வேண்டுமாம். ‘கல்ச்சரல் சேஃப்டி’ என்று பெயர். பண்பாட்டுப் பாதுகாப்பு என்று நான் தமிழில் வைத்துக்கொண்டிருக்கிறேன். “சித்தி, உங்க காலத்துல இந்த மாதிரி ஏதாவது சொல்லிக் குடுத்தாங்களா?” என்று கேட்டாள். பெயர் வைத்து யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் அவள் அனுப்பியதைப் படிக்கப் படிக்க, முப்பத்து மூன்று வருடம் அரசு ஆஸ்பத்திரி வார்டுகளில் பார்த்த முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்தப் பாடத்தின் கதை. நியூசிலாந்தின் பூர்வகுடிகள் மாவோரி மக்கள். 1840-ல் வைட்டாங்கி என்ற இடத்தில் ஆங்கில அரசுக்கும் அவர்களுடைய தலைவர்களுக்கும் ஓர் ஒப்பந்தம் ஆனது. அதற்குப் பிறகு நிலமும் போனது, மொழியும் தேய்ந்தது, உடம்பும் கெட்டது. ஆஸ்பத்திரிகள் இருந்தும் மாவோரி மக்கள் அங்கே வரத் தயங்கினார்கள். வந்தாலும் வியாதி முற்றிய பிறகுதான் வந்தார்கள். 1980-களின் கடைசியில் மாவோரி நர்சுகள் கூடிப் பேசியபோது, மருந்தில் பாதுகாப்பு, சட்டத்தில் பாதுகாப்பு என்றெல்லாம் கற்றுத் தருகிறீர்களே, எங்கள் வழக்கத்துக்கும் மானத்துக்கும் என்ன பாதுகாப்பு என்ற கேள்வி எழுந்தது. அதை ஒரு பாடமாகவே வளர்த்தவர் இரிஹபெட்டி ராம்ஸ்டன் என்ற மாவோரி நர்ஸ். 1992-ல் அந்த நாட்டு நர்சிங் கவுன்சில் அதைப் படிப்பில் சேர்த்தது. பத்திரிகைகளில் பெரிய சண்டை, பாராளுமன்றக் குழு விசாரணை எல்லாம் நடந்தும் பாடம் நிலைத்துவிட்டது. ராம்ஸ்டன் 2003-ல் காலமானார்.

அவர்களுடைய சில வழக்கங்கள் நமக்குப் புதிதல்ல. தலை அவர்களுக்குப் புனிதம். தலைக்கு வைக்கும் தலையணையைக் காலுக்கு முட்டுக் கொடுக்கக் கூடாது. நம் வீட்டில் தலையணை மேல் உட்கார்ந்தால் பாட்டி என்ன சொல்வாள் என்று நினைத்துப் பாருங்கள்! அவர்கள் மொழியில் ‘ஃபெனுவா’ என்றால் நிலம். நஞ்சுக்கொடிக்கும் அதே சொல்தான். பிள்ளை பிறந்ததும் நஞ்சுக்கொடியைச் சொந்த மண்ணில் புதைப்பார்கள். ஆஸ்பத்திரியோ அதைக் கழிவோடு எரித்துக்கொண்டிருந்தது. தாய்க்கு எப்படி இருந்திருக்கும்?

ஆனால் ராம்ஸ்டன் சொன்னது வழக்கங்களின் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லி அல்ல. அப்படிப் படித்தால், மாவோரி என்றால் இப்படி, இந்தியர் என்றால் இப்படி என்று ஆளைப் பார்க்காமல் சீட்டைப் பார்த்து வைத்தியம் செய்வோம் என்று அவர் பயந்தார். நர்ஸ் முதலில் தன்னைப் பார்க்க வேண்டும்; கட்டிலில் படுத்திருப்பவருக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் இடையில் எத்தனை அதிகாரம் கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். நான் நன்றாகத்தான் கவனித்தேன் என்று நர்ஸ் சொல்லிக்கொண்டால் போதாது. பாதுகாப்பாக இருந்ததா என்று சொல்ல வேண்டியவர் நோயாளி. அதில் சாதி இனம் மட்டுமில்லை. வயது, வறுமை, ஆண் பெண், மதம், உடல் ஊனம் எல்லாம் அடங்கும்.

இது நல்ல மனசு சம்பந்தப்பட்ட விஷயம், வைத்தியத்துக்கும் இதற்கும் என்ன என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணம், தொண்ணூறுகளில் தென்மாவட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான் பார்த்த ஒரு பாட்டி.

எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மருமகள் கூட்டி வந்திருந்தாள். என்ன செய்கிறது என்று கேட்டால் “உள்காய்ச்சல்” என்பார். அதற்கு மேல் பேச்சு வராது. காலை ரவுண்ட்ஸில் தெர்மாமீட்டர் வைத்தால் 98. பையில் மருந்து வாசனை கூட ஆறாத ஹவுஸ் சர்ஜன் பையன் ஒருவன் சிரித்துவிட்டு, “வெளிய இல்லாத காய்ச்சல் உள்ள மட்டும் எப்படி கிழவி இருக்கும்?” என்றான். சத்து மாத்திரை எழுதி, மறுநாள் வீட்டுக்கு அனுப்பலாம் என்று கேஸ் ஷீட்டில் குறித்தாயிற்று.

எனக்கு உறுத்தியது அவர் கை. ரப்பர் வளையல் ஒன்று போட்டிருந்தார். கையைத் தூக்கினால் அது முழங்கை வரை வழுக்கிக்கொண்டு போனது. ரவிக்கை தோளில் தொங்கியது. அது அவருடைய அளவுக்குத் தைத்த ரவிக்கைதான், இரவல் இல்லை. எனக்குத் தெரிந்த எடை மெஷின் அப்போது அதுதான். மத்தியானம் வார்டு அடங்கிய பிறகு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “உள்காய்ச்சல் எப்ப பாட்டி வருது?” என்று கேட்டேன்.

“விளக்கு வைக்கிற நேரத்துக்கு வரும் தாயி. எலும்புக்குள்ள ஏறும். விடியக்காலம் வேர்த்து இறங்கிரும்.”

நர்சிங் படித்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். சாயங்காலம் ஏறும் காய்ச்சல், இரவு வியர்வை, உடம்பு இளைப்பு மூன்றும் சேர்ந்தால் முதலில் நினைக்க வேண்டியது காசநோய். புத்தகம் ஒரு பக்கத்தில் எழுதியதை அவர் மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டார். காலை பத்து மணிக்குத் தெர்மாமீட்டர் வைத்தால் அது என்ன காட்டும்? அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு வைத்தேன். 100.4. மறுநாளும் அப்படியே. சார்ட்டில் சிவப்பு மையில் வட்டம் போட்டு சீஃப் டாக்டரிடம் காட்டினேன். அவர் நல்ல மனிதர்; வீட்டுக்கு அனுப்புவதை நிறுத்தினார்.

இருமல் உண்டா, சளி வருகிறதா என்று கேட்டால் மட்டும் பாட்டி இல்லவே இல்லை என்றார். எங்கள் வார்டு ஆயா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “சிஸ்டர், அந்தம்மா முந்தானையில துப்பி பாத்ரூம்ல கசக்குது. ரத்தம் கலந்திருக்கு. யார்கிட்டயும் சொல்லாதேன்னு என்கிட்ட அழுதுச்சு” என்றாள். பாட்டி வெள்ளைச் சேலைகாரியான என்னிடம் சொல்லவில்லை, ஸ்டெதஸ்கோப் மாட்டியவரிடம் சொல்லவில்லை. தரை துடைக்க வந்தவளிடம் சொன்னார். அந்த ஆயா அவரை முதல் நாளிலிருந்து ‘ஆத்தா’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மருமகளைக் காபி வாங்க அனுப்பிவிட்டுக் கேட்டேன். அப்புறம்தான் விஷயம் வந்தது. பேத்திக்குச் சம்பந்தம் பேசியிருந்தார்கள். ‘காசநோய்க் குடும்பம்’ என்று ஊரில் ஒரு வாய் சொன்னால் போதும், வந்தவர்கள் திரும்பிப் போவார்கள். “எழுதிராத தாயி. நான் போற கட்டை. பிள்ளைக்கு நாள் குறிக்கப் போறாங்க.”

அவர் பயம் பொய்யான பயம் இல்லை. அதே சமயம் அந்த வீட்டில் நாலு வயதுப் பையன் ஒருவன் பாட்டி பக்கத்தில்தான் படுக்கிறான். சொல்லாமல் இருந்தால் அவனுக்கு ஆபத்து. சொன்னால் பேத்திக்கு ஆபத்து. இந்த இடத்தில் எந்தப் புத்தகமும் கைகொடுக்காது. கேஸ் ஷீட் ஊருக்குள் போகாது, வார்டில் யாரும் வியாதியின் பெயரைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு என்றேன். மகனிடம் அவரே சொல்ல வேண்டும், நான் பக்கத்தில் இருக்கிறேன் என்றேன். ஒரு ராத்திரி யோசித்தார். மறுநாள் காலையில் சளி டப்பாவைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பரிசோதனையில் கிருமி இருந்தது. மாத்திரை ஆரம்பித்தார்கள். பையனையும் கூட்டி வந்து பார்த்தோம். நல்லவேளை, அவனுக்கு ஒன்றுமில்லை.

கல்யாணம் நடந்ததா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. பாட்டியை ஓ.பி.யில் இரண்டு தடவை பார்த்தேன், வளையல் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. மூன்றாம் தடவை மகன் வந்து மாத்திரை வாங்கிப் போனார். பிறகு எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது.

அந்தப் பாட்டியும் அந்த ஹவுஸ் சர்ஜனும் ஒரே ஜில்லா, ஒரே பாஷை, ஒரே சாமி. மாவோரி, வெள்ளைக்காரர் என்ற இடைவெளி எதுவும் இல்லை. ‘கிழவி’ என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. நம் மொழியில் நீ, நீங்கள் என்று இரண்டு வைத்திருக்கிறோம். தனியார் ஆஸ்பத்திரியில் பணம் கட்டி நுழைந்தால் ‘வாங்க சார்’. ஓ.பி. சீட்டோடு வரிசையில் நின்றால் ‘ஏம்மா, இங்க வா, நாக்கை நீட்டு’. அதே நாக்குதான்! எல்லா இடத்திலும் இப்படி என்று சொல்ல மாட்டேன். தங்கமான மனிதர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். ஆனால் ஒருமையில் கூப்பிடப்பட்டவர் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வார். கேட்காததைச் சொல்ல மாட்டார். வைத்தியத்துக்குத் தேவையானது பெரும்பாலும் கேட்காததில்தான் இருக்கும்.

வார்த்தையும் அப்படித்தான். ‘மயக்கமா வருது’ என்பார்கள். சிலருக்கு அது தலைச்சுற்றல், சிலருக்குக் கண் இருட்டுவது, சிலருக்குச் சர்க்கரை இறங்குவது, இன்னும் சிலருக்கு வெறும் பசி. ‘இழுப்பு’ என்றால் ஒரு ஊரில் மூச்சுத்திணறல், இன்னொரு ஊரில் வலிப்பு. எக்ஸ்ரேக்கு அனுப்பும் முன் கல்யாணமான பெண்ணிடம் கர்ப்பமா என்று நாலு பேர் நடுவில் கேட்டால் இல்லை என்றுதான் தலையாட்டுவாள். “கடைசியா எப்பம்மா தலைக்கு ஊத்துன?” என்று காதருகில் கேட்டால் சரியான தேதி வரும். ராமநாதபுரம் பக்கம் வேலை பார்த்தபோது நோன்பு மாதத்தில் சர்க்கரை நோயாளிகள் நோன்பு வைத்திருப்பதை மறைப்பார்கள், திட்டுவோம் என்று. “சஹருக்கு என்ன சாப்பிட்டீங்க?” என்று சாதாரணமாகக் கேட்டால் எல்லாம் சொல்வார்கள். ஊசியின் அளவையும் நேரத்தையும் மாற்றலாமா, நோன்பையே விட வேண்டிய நிலைமையா என்று டாக்டர் முடிவெடுக்க அதற்குப் பிறகுதான் வழி.

நாங்கள் படித்த புத்தகங்களுக்கும் ஒரு நிறம் இருந்தது. உடம்பு நீலம் பாரிக்கும், தோல் சிவக்கும் என்று எழுதியிருக்கும். நம் கறுத்த தோலில் எங்கே நீலம், எங்கே சிவப்பு? எங்கள் டியூட்டர் அம்மா, நாக்கைப் பார், உள்உதட்டைப் பார், கீழ் இமையைப் பார் என்று சொல்லிக் கொடுத்தார். படுக்கைப் புண் தொடங்கும் இடம் சிவந்து தெரியாது. புறங்கையால் தொட்டால் சூடாகவோ கல் மாதிரி இறுகியோ இருக்கும். கொரோனா சமயத்தில் நாம் எல்லோரும் விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி வாங்கினோமே, அதிலும் இந்தக் கோளாறு உண்டு. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வந்த ஆய்வு, கறுப்பின நோயாளிகளுக்கு ஆக்சிஜன் குறைந்திருப்பதை அந்தக் கருவி, வெள்ளையர்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிடுகிறது என்று காட்டியது. கருவியில் 95 இருந்தும் மூச்சு வாங்கினால், மூச்சைத்தான் நம்ப வேண்டும்.

நம் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாம் டாக்டரிடம் போய் வியாதியின் பெயரைச் சொல்கிறோம்: வாயு, பித்தம், பிரஷர். பெயரை அவர் வைத்துக்கொள்ளட்டும். எங்கே, எப்போது ஆரம்பித்தது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது, இதை மட்டும் வீட்டில் பேசுகிற மாதிரியே சொல்லுங்கள். மகன் பதில் சொல்ல ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்துங்கள்.

எங்கள் எதிர்வீட்டு சார், ரிட்டயர்டு தலைமையாசிரியர், சர்க்கரைக்காரர். மூன்று வாரமாக நெஞ்சில் வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். “சாப்பிட்டா வருதா சார், நடந்தா வருதா?” என்று வாசலில் நின்றபடியே கேட்டேன். “மாடி ஏறினா வருது. நின்னா போயிடுது. லேசா வேர்க்கும்” என்றார். அப்போதே ஆட்டோ பிடிக்கச் சொன்னேன். இரண்டு இடத்தில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்து ஏழு மாதம் ஆகிறது, தினமும் காலையில் என்னைத் தாண்டித்தான் நடக்கப் போகிறார். வாயு என்ற சொல்லை மட்டும் அவர் மனைவி அந்த வீட்டில் தடை செய்துவிட்டார்.