சொல்லின் செல்வனும் சித்திர அனுமனும்

புதுச்சேரியில் ஆண்டுதோறும் நடக்கும் கம்பன் விழாவுக்கு மகளையும் அழைத்துச் செல்வது என் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன், கம்பன் கலையரங்கில் ஒருவர் சுந்தர காண்டத்தில் உருகிக்கொண்டிருந்தபோது, அவள் என் காதருகே வந்து, "அனுமார் எப்பப்பா சண்டை போடுவாரு?" என்று கேட்டாள். முன்வரிசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். தமிழ் கற்பிக்கும் எனக்கு அது சற்றே தலைகுனிவாகத்தான் இருந்தது. அவளுடைய அனுமன் கம்பன் தந்தவன் அல்லன். 'ரிட்டர்ன் ஆஃப் ஹனுமான்' என்னும் இந்தி அனிமேஷன் படம் தந்தவன். அன்றிரவே அந்தக் குறுந்தகட்டைப் போட்டு, அரைகுறை இந்தியோடு முழுவதும் பார்த்தேன்.

வி. ஜி. சமந்த் இயக்கி 2005இல் வெளிவந்த 'ஹனுமான்' பெற்ற வெற்றியே இந்த இரண்டாம் படத்துக்கு வழிவகுத்தது. இதை இயக்கியவர் அனுராக் காஷ்யப். 'நோ ஸ்மோக்கிங்' வெளியான அதே 2007இன் இறுதியில் குழந்தைகளுக்கான இப்படமும் வந்தது என்பது வியப்புக்குரியது. முதற்படம் அறிந்த புராணத்தைப் பக்தியோடு சொன்னது. இரண்டாவது பெயரளவில்தான் தொடர்ச்சி. வானுலகில் இருக்கும் அனுமன் பூமிக்குப் போக விரும்புகிறான். பிரம்மன் நிபந்தனைகளோடு இசைகிறார். சிற்றூர் ஒன்றில் மாருதி என்னும் சிறுவனாகப் பிறக்கிறான்.

இந்தக் கற்பனையே படத்தின் பலம். தேவருலகை ஓர் அரசு அலுவலகம்போல் காட்டும் குறும்பும் எனக்குப் பிடித்திருந்தது. தெய்வத்தைச் சிரித்துக்கொண்டே நேசிப்பது நம் மரபுக்குப் புதிதன்று. நம் தெருக்கூத்துக் கட்டியங்காரன் செய்யாத கேலியா? பீடத்தில் நின்ற தெய்வம் பள்ளிப் பையன்களுக்கு நடுவே வந்து நிற்பதில் ஒரு நெருக்கம் இருக்கிறது.

குறை கதைசொல்லலில் இருக்கிறது. சிற்றூர்க் கதை சூடுபிடிக்கும் வேளையில் சுக்கிராச்சாரியாரும் இராகு கேதுவும் நுழைந்து உலகின் அழிவைப் பேசத் தொடங்குகிறார்கள். ஆபத்து பெரிதாகப் பெரிதாக, மாருதி என்னும் பிள்ளை சிறுத்துப்போகிறான். மனிதனாக வாழ்வதில் அனுமனுக்கு என்ன இடர், என்ன இழப்பு என்ற கேள்வியைப் படம் எழுப்பிவிட்டு மறந்துவிடுகிறது. எல்லாச் சிக்கலுக்கும் புயவலி ஒன்றே விடையாகிறது.

கம்பனின் அனுமனும் வலியவன்தான். ஆனால் முதல் சந்திப்பிலேயே இராமன் அவனைச் சொல்லின் செல்வன் என்று வியப்பது அவன் தோள்களைக் கண்டு அன்று. அசோக வனத்தில் உயிர்விடத் துணிந்த சீதையின்முன் அவன் முதலில் காட்டியது வீரம் அன்று. இராமதூதன் என்ற சொல்லும் கணையாழியும்தான். திரும்பி வந்தபோதும், இராமன் ஒரு கணம்கூடத் தவிக்கலாகாது என்று 'கண்டனென்' என்பதையே முதற்சொல்லாக வைக்கிறான். அந்தச் சொல்வளம் இழந்த அனுமன் பாதி அனுமன்தான்.

மறுநாள் காலை, பேராசிரியத் தோரணையோடு இதையெல்லாம் மகளிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு அந்தச் சண்டையெல்லாம் அவ்வளவா பிடிக்காதுப்பா. மாருதி கூட இருந்தா யாரும் கேலி பண்ண மாட்டாங்க இல்ல, அதான்" என்றாள். அவளுக்குச் சிறிது திக்குவாய் உண்டு. வகுப்பில் எழுந்து படிக்கும்போது சிலர் சிரிக்கிறார்கள் என்பதை அன்றுதான் அறிந்தேன். அரங்கில் அந்தக் கேள்வியை அவள் ஏன் கேட்டாள் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

அந்தப் படத்தில் அவள் தேடியது அடிப்பவனை அன்று, உடன்வருபவனை. சீதைக்கு அனுமன் வந்து நின்றதும் அப்படித்தானே? படம் தன் கையில் இருந்த நல்ல கதையை அறியாமல் இராகு கேதுவின் பின்னால் ஓடிவிட்டது. கம்பனை மேற்கோள் காட்டிக்கொண்டிருந்த நானும் அதைக் கவனிக்கவில்லை.

அடுத்த ஆண்டு விழாவுக்கும் அழைத்துப் போனேன். அதற்கு முன், சீதையை அனுமன் கண்ட கதையை நானே அவளுக்குச் சொன்னேன், சண்டை வரும் இடத்துக்கு விரையாமல்.