தீவிலே ஒரு ஜாகை

குழந்தைகளுக்கு லீவு விட்டதும் அந்தமான் போவதென்று உங்கள் வீட்டில் தீர்மானம் ஆகிவிட்டதா? ரொம்ப சந்தோஷம். சென்னையிலிருந்து ஆகாய விமானத்தில் சுமார் இரண்டே கால் மணி நேரப் பிரயாணம்தான். இனிமேல் உங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்லட்டுமா? வீட்டுக்காரர் ராத்திரிச் சாப்பாடு ஆனதும் செல்போனும் கையுமாகச் சாய்வு நாற்காலியில் உட்காருவார். ஹோட்டல் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எல்லாவற்றிலும் அதே நீலக் கடல், அதே தென்னை மரம், அதே வெள்ளை மெத்தை, மெத்தையின் மேல் துவாலையை மடித்துச் செய்த அதே அன்னப் பட்சி! குழந்தைகள் நீச்சல் குளத்தைப் பார்ப்பார்கள். அவர் அறையைப் பார்ப்பார். நீங்கள் வாடகையைப் பார்ப்பீர்கள். கடலை மட்டும் ஒருவரும் பார்க்க மாட்டீர்கள்.

ஐந்து வயதும் பத்து வயதுமாக இரண்டு குழந்தைகள் கூட வருகிறார்கள் என்றால், முதலில் விசாரிக்க வேண்டியது அந்தக் கடலைத்தான். அறையைப் பற்றி அப்புறம் பேசலாம்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். விமானம் இறங்கும் போர்ட் பிளேருக்கு 2024-ஆம் ஆண்டிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். கடற்கரைக்காக எல்லோரும் போகிற ஹாவ்லக் தீவு 2018-இல் ஸ்வராஜ் தீவு ஆயிற்று. அதன் அண்டை வீடான நீல் தீவு ஷாஹீத் தீவு ஆயிற்று. ஆனாலும் ஹோட்டல்காரர், வண்டிக்காரர் வாயில் பழைய பெயரே புழங்குகிறது. நானும் பழைய பெயரையே சொல்லிக்கொண்டு போகிறேன்.

ஹாவ்லக்கில் கடற்கரைகளுக்கு நம்பர் உண்டு. ஏழாம் நம்பர், மேற்குக் கரையிலுள்ள ராதாநகர். 2004-இல் ‘டைம்’ பத்திரிகை ஆசியாவிலேயே சிறந்த கடற்கரை என்று புகழ்ந்தது இதைத்தான். 2020-இல் ‘நீலக் கொடி’ என்ற சர்வதேச அங்கீகாரமும் கிடைத்தது. நீளமான வெள்ளை மணல், பின்னால் ஓங்கி வளர்ந்த காடு, காலுக்கடியில் கல் இல்லாத மெத்தென்ற தரை. உயிர் காக்கும் காவலர்கள் உண்டு. உடை மாற்றிக்கொள்ள இடமும் உண்டு. சூரியாஸ்தமனத்தைப் பற்றி நான் வர்ணிக்கப் போவதில்லை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ராதாநகரிலே தங்குவதற்கு ஹோட்டல்கள் மிகக் குறைவு. இருப்பவற்றில் வாடகை கையைக் கடிக்கும். பெரும்பாலான ஹோட்டல்கள் எதிர்ப்புறம், கிழக்குக் கரையிலே, மூன்றாம் நம்பர் கோவிந்தநகரிலும் ஐந்தாம் நம்பர் விஜயநகரிலும் இருக்கின்றன. அங்கிருந்து ராதாநகருக்கு வண்டியில் சுமார் அரை மணி நேரம். ‘ஹாவ்லக் கடற்கரை ஹோட்டல்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து, படத்தில் கண்ட ராதாநகர் வாசலிலே இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். எந்த நம்பர் கடற்கரை என்று கேளுங்கள்.

அதற்காகக் கிழக்குக் கரையை மட்டமாக எண்ணவும் வேண்டாம். சின்னக் குழந்தைகளுக்கு ஒரு விதத்தில் அதுவே மேல். அலை அடங்கி, குளம் மாதிரிக் கிடக்கும். ஆனால் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நம் மெரீனாவில் கடல் ஏறி இறங்குவதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அந்தமானில் அப்படிக் கவனிக்காமல் இருக்க முடியாது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை கடல் ஏறும், இரண்டு தடவை வடியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் ஆறடி வித்தியாசம் இருக்கும். தரை சரிவே இல்லாத கிழக்குக் கரையில் ஆறடி வடிந்தால் என்ன ஆகும்? கடல் நெடுந்தூரம் உள்ளே போய்விடும். காலையில் ஜன்னலைத் திறந்தபோது வாசலில் தளும்பிய தண்ணீர், பகல் சாப்பாட்டுக்கு முன்னால் காணாமற் போயிருக்கும். அந்த இடத்தில் சேறும், கூரான பாறையும், செத்துப்போன பவளமும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். வெறுங்காலோடு குழந்தை ஓடினால் பாதம் கிழிந்துவிடும்.

ஹோட்டல்காரர் படம் எடுப்பது தண்ணீர் ஏறியிருக்கும் வேளையில்தான். அவரைக் குறை சொல்ல முடியாது. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் நாம் மட்டும் அழுக்குப் புடவையுடனா நிற்கிறோம்?

ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “நாங்கள் வரும் தேதிகளில் உங்கள் கரையில் தண்ணீர் எத்தனை மணிக்கு ஏறும்?” என்பது. ஏற்றம் தினமும் சுமார் ஐம்பது நிமிஷம் தள்ளிப் போகும். இன்று காலை எட்டு மணிக்கு நிறைந்திருந்தால் நாளை எட்டு ஐம்பது. இதைத் தெரிந்துகொண்டால் தினசரிக் காரியங்களை வகுப்பது சுலபம். தண்ணீர் இருக்கும் வேளையில் வாசலிலேயே குளிக்கலாம். வடிந்திருக்கும் வேளையில் செருப்போடு ராதாநகருக்குப் புறப்படலாம். ராதாநகரில் தரை மணலாகையால், கடல் வடிந்தாலும் இறங்கிக் குளிக்கலாம்.

கேள்விக்கு வரும் பதிலைக் கொண்டே ஹோட்டலை எடை போட்டுவிடலாம். “அதெல்லாம் ஒன்றும் கவலையில்லை, எல்லா வசதியும் உண்டு” என்று ஒருவர் சொல்வார். இன்னொருவர், “நீங்கள் வருகிற வாரம் காலையில் தண்ணீர் இருக்காதம்மா, பதினொரு மணிக்கு மேல்தான் குழந்தைகளை இறக்கலாம். இடது பக்கம் பாறை இருக்கிறது, வலது பக்கம் மணல்” என்பார். இரண்டாவது மனிதரின் ஹோட்டலில் அன்னப் பட்சி இல்லாவிட்டாலும் பாதகமில்லை. பதில் பெரும்பாலும் ஹிந்தியில் வரும். உங்கள் பெண் பள்ளிக்கூடத்தில் படித்த ஹிந்தி அப்போது உதவட்டும்.

இரண்டாவது கேள்வியைச் சற்றுத் தயக்கத்தோடுதான் எழுதுகிறேன். பயமுறுத்துவதாக நினைக்கக் கூடாது. ஹோட்டலுக்குப் பக்கத்தில் ஓடையோ உப்பங்கழியோ கடலில் கலக்கிறதா என்று கேளுங்கள். அந்தமானில் உவர்நீர் முதலைகள் உண்டு. 2010-இல் ராதாநகரை அடுத்த ஒரு சிறு குடாவில், கடலுக்குள் இருந்த அமெரிக்கப் பெண் ஒருவரை முதலை கொன்றுவிட்டது. இப்படி நேருவது அபூர்வம். ஆனாலும் முகத்துவாரத்தருகிலும், அலையாத்தி மரங்களின் ஓரத்திலும், இருட்டும் நேரத்திலும் குழந்தைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள். எச்சரிக்கைப் பலகை வைத்த இடத்தில், “இவ்வளவு பேர் குளிக்கிறார்களே!” என்ற வாதமே வேண்டாம்.

இருட்டும் நேரம் என்றேன் அல்லவா? நம் கடிகாரத்துக்கும் அந்தச் சூரியனுக்கும் ஒத்துப்போவதில்லை. தீவுகள் அவ்வளவு கிழக்கே இருக்கின்றன. ஏப்ரல், மே மாதங்களில் ஐந்து மணிக்கே பளிச்சென்று விடிந்துவிடும். டிசம்பரில் மாலை ஐந்து மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். பிறகு ராத்திரிச் சாப்பாடு வரையில் குழந்தைகளை என்ன செய்வது? படங்களைப் பார்க்கும்போது இது யாருக்கும் தோன்றாது. ஹோட்டலில் வெளிச்சமான தாழ்வாரமோ, ஓடி விளையாட முற்றமோ, கேரம் பலகையோ இருந்தால் அந்த மூன்று மணி நேரமும் உங்கள் தலையில் விழாது.

நீச்சல் குளம் இருந்தால் கேட்க வேண்டியவை வேறு. குழந்தைகளுக்கென்று ஆழமில்லாத தனிப் பகுதி உண்டா? சுற்றிலும் வேலியும் கதவும் உண்டா? அறை வாசலிலிருந்து குளம் எத்தனை அடி? அறையை விட்டிறங்கினால் குளம் என்பது புது மணத் தம்பதிகளுக்கு அழகு. மூன்று வயதுப் பிள்ளையைப் பெற்றவளுக்கு அன்று தூக்கம் கிடையாது. தண்ணீரில் மூழ்குகிற குழந்தை கை காலை உதைத்துக் கூச்சல் போடும் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை, சத்தமே வராது. பாட்டி, மாமா, அத்தை என்று பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்திருக்கும்போதுதான், ‘யாராவது பார்த்துக்கொள்வார்கள்’ என்று எல்லோருமே அசந்துவிடுகிறோம். இந்த அரை மணி யார் காவல் என்று பெயர் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். காவலில் இருப்பவர் செல்போனைத் தொடக் கூடாது.

இனி சமையலறை. விடுமுறை உங்களுக்கும்தானே? தேசப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் ஊர் இது. ஆகவே உள்ளூர்ச் சாப்பாட்டுக் கடைகளில் சோறும் மீன் குழம்பும் அமிர்தமாயிருக்கும். ஆனால் கடுகெண்ணெய் வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொள்ளும் பிள்ளையை என்ன செய்வது? பால் காலையில் எத்தனை மணிக்குக் கிடைக்கும், தயிர் தினமும் உண்டா, காரமில்லாமல் பருப்பும் சாதமும் செய்து தருவார்களா, பகல் இரண்டு மணிக்கு மேல் பசித்தால் அடுப்பு எரியுமா என்று கேளுங்கள். அறையில் வெந்நீர் வைக்கும் மின்சாரக் கெட்டில் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. அவலும் பால் பவுடரும் ஒரு சிறு ஊறுகாய்ப் பாட்டிலும் பெட்டியில் இருக்கட்டும்.

அறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதில் நீங்களே கெட்டிக்காரர்கள். ஜன்னலுக்குக் கொசுவலை, மின்சாரம் போனால் ஜெனரேட்டர், பாட்டிக்கு மாடிப்படி ஏறாத அறை, கூடுதல் மெத்தைக்கு எவ்வளவு, எத்தனை வயது வரை குழந்தைக்கு வாடகை இல்லை என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சாயங்காலம் மணலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வகைப் பூச்சி கடிக்கும். ஒரு வாரம் அரிக்கும். முழுக்கால் உடையும், தேங்காய் எண்ணெயும் எடுத்துப் போங்கள். ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்று ஹாவ்லக்கில் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரி கடல் தாண்டி ஸ்ரீ விஜயபுரத்தில். ஆகவே வழக்கமான ஜுர மருந்தையும், வயிற்றுப் போக்குக்கான உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தையும் மறக்க வேண்டாம்.

‘இத்தனை விசாரணை நம்மால் ஆகாது, பிள்ளைகளும் மிகச் சிறிசு’ என்றால் நீல் தீவை யோசித்துப் பாருங்கள். மொத்தமே மிகச் சின்னத் தீவுதான். ஊர்ப் பெயர்களைக் கேட்டால் பாட்டிக்குப் புல்லரிக்கும்: ராம்நகர், சீதாபூர், பரத்பூர், லக்ஷ்மண்பூர்! படகுத் துறைக்குப் பக்கத்திலேயே பரத்பூர் கடற்கரை; ஆழமில்லாத தெளிந்த தண்ணீர். பகலில் படகுகளின் நடமாட்டம் அதிகம் என்பதால் குழந்தைகளைக் கரையோரமாகவே வைத்துக்கொள்ள வேண்டும். ராதாநகரின் கம்பீரம் இங்கே கிடையாது. தீவின் எந்த மூலையிலிருந்தும் கால் மணி நேரத்தில் அறைக்குத் திரும்பிவிடலாம் என்பதே இதன் பெருமை. மத்தியானத் தூக்கம் போடுகிற வயதுக் குழந்தை இருந்தால், என் ஓட்டு நீலுக்குத்தான்.

கடைசியாக, பணம் கட்டுவதற்கு முன்னால் காலண்டரைப் பாருங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் சாதுவாயிருக்கும். மே பாதிக்கு மேல் தென்மேற்குப் பருவக் காற்று ஆரம்பித்துவிடும். அப்போது ராதாநகரில் அலை முரட்டுத்தனமாக அடிக்கும். போர்ட் பிளேரிலிருந்து ஹாவ்லக்குக்குத் தனியார் கப்பலில் சுமார் ஒன்றரை மணி, சர்க்கார் கப்பலில் இரண்டரை மணிப் பிரயாணம். காற்று பலத்தால் அந்தக் கப்பல் ஓடாது! ஆகவே திரும்பும் விமானத்துக்கு முதல் நாள் ராத்திரியை ஹாவ்லக்கில் வைத்துக்கொள்ளாமல் போர்ட் பிளேரில் வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் நின்றுபோய் உங்களால் வர முடியாவிட்டால் வாடகை திரும்பக் கிடைக்குமா என்பதையும் ஹாவ்லக் ஹோட்டலில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஹாவ்லக் அறையைக் காலி செய்யும்போது பையனின் கால்சட்டைப் பைகளை ஒரு தடவை கவிழ்த்துப் பாருங்கள். பவளத் துண்டு ஒன்றாவது நிச்சயம் விழும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பவளத்தைத் தீவை விட்டு எடுத்துவருவது குற்றம்; விமான நிலையத்தில் பெட்டியைச் சோதித்து எடுத்துவிடுவார்கள். அங்கே எல்லோர் முன்னிலும் அவன் அழுவதைவிட, கப்பல் ஏறுவதற்கு முன்னால் அவன் கையாலேயே அதை மறுபடி கடலில் போடச் சொல்லிவிடுங்கள்.