பையைப் பிடிக்கவா வந்தோம்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்காவிலிருந்து என் மகள் போன் செய்தாள். ஃப்ளோரிடாவில் அவர்களுக்கு வேலை. வருகிற அக்டோபரில் நானும் இவரும் அங்கே போவதாக ஏற்பாடு.

"அம்மா, டிஸ்னி பார்க்ல ஹாலோவீன் பார்ட்டிக்கு டிக்கெட் எடுக்கப் போறேன். உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து எடுக்கட்டுமா? குழந்தைங்களுக்காக வைக்கிற பார்ட்டிதான். பெரியவங்களுக்குப் போரடிக்குமோன்னு யோசனையா இருக்கு" என்றாள்.

என் வாயில் உடனே வந்த பதில் என்ன தெரியுமா? "எங்களுக்கு எதுக்கு? நீங்க போயிட்டு வாங்க. நான் வீட்டுல இருந்து சமைச்சு வைக்கிறேன்."

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. இதே பதிலை எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்! நீங்களும்தான் சொல்லியிருப்பீர்கள், இல்லையா?

ஹாலோவீன் என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. அக்டோபர் 31-ஆம் தேதி இரவு. அயர்லாந்துப் பக்கத்துப் பழைய வழக்கம் அது. அங்கிருந்து பிழைப்புத் தேடிப் போனவர்கள் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள், அங்கே பரங்கிக்காயைக் குடைந்தார்கள். பிள்ளைகள் பேய், பூதம், சூனியக்காரி என்று வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள். டிஸ்னியில் 1995-ல் இதையே ஒரு பார்ட்டியாக ஆரம்பித்தார்கள். 'அவ்வளவாகப் பயம் இல்லாத' ஹாலோவீன் என்றுதான் அதற்குப் பெயரே. ஊர்வலம், வாணவேடிக்கை, மிட்டாய் எல்லாம் உண்டு. அங்கே பெரியவர்களும் வேஷம் கட்டலாம். 14 வயதுக்கு மேற்பட்டவர்கள் முகமூடி மட்டும் போடக்கூடாது. மிட்டாய்ப் பை பெரியவர்களுக்கும் கொடுப்பார்களாம்!

நன்றாக அலறிப் பயப்பட வேண்டும் என்கிற பெரியவர்களுக்கு அதே ஊரில் யுனிவர்சல் பார்க்கில் வேறு ஹாலோவீன் இருக்கிறது. அது 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். அப்படியானால் இந்தப் பயமில்லாத பார்ட்டியில் பெரியவர்களுக்கு என்ன இருக்கிறது? மகளுடைய கேள்வி அதுதான். எனக்கோ அதற்குப் பதில் தேடப் போய், ஒரு பழைய ராத்திரி ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

1990, சித்திரை மாதம். தமுக்கம் மைதானத்தில் பொருட்காட்சி. மகளுக்கு அப்போது 4 வயது. மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து திருவிழாவுக்காக என் அத்தை, அதாவது மாமியார், வந்திருந்தார். எல்லோருமாகப் போனோம். பொருட்காட்சி என்றால் சொல்லவா வேண்டும்? டெல்லி அப்பளம், மிளகாய் பஜ்ஜி, மரணக் கிணறு, குட்டையாகவும் நெட்டையாகவும் காட்டும் கண்ணாடி, பேய் வீடு! எல்லாவற்றுக்கும் மேலே விளக்குப் போட்ட ராட்டினம்.

இவரும் மகளும் ராட்டினத்தில் ஏறினார்கள். நானும் அத்தையும் கீழே. என் ஒரு கையில் தண்ணீர்க் கூஜா, மாற்று உடுப்பு வைத்த பை. இன்னொரு கையில் பலூன், மகளுடைய செருப்பு. அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்த அத்தை திடீரென்று கேட்டார்: "ஏத்தா, நானும் ஒரு சுத்து ஏறிப் பாக்கட்டா?"

"இந்த வயசுல எதுக்கு அத்தை? தலை சுத்தும். நாலு பேர் பாத்தா சிரிப்பாங்க."

"அதுவும் சரித்தான்" என்றார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடி அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார்.

அத்தைக்கு அப்போது 60 வயது இருக்கும். சர்க்கரை இல்லை, ரத்தக்கொதிப்பு இல்லை. வயலில் இறங்கி நாற்று நடுகிற உடம்பு. தலை சுற்றும் என்று நானாகச் சொன்னேன். பார்த்துச் சிரிக்கிற அந்த நாலு பேரும் யார் என்று எனக்கே தெரியாது. இரண்டு வருஷத்தில் அத்தை போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த 'அதுவும் சரித்தான்' மட்டும் இன்னும் என் காதில் இருக்கிறது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அதற்கு நாலு நாள் முன்னால்தான் அத்தையின் அண்ணன், அவரைவிட மூத்தவர், கருப்பசாமி வேஷம் கட்டியிருந்தார். தலையில் குல்லா, உடம்பில் ஜிகினா வைத்த வெல்வெட் உடுப்பு, தோளில் ஆட்டுத்தோல் பை. வைகையில் இறங்க வருகிற அழகர் மேல் தண்ணீரைப் பீச்சிக்கொண்டு ஆடினார். 'இந்த வயசுல எதுக்கு?' என்று ஒருவரும் கேட்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டோம். அவ்வளவு ஏன், அழகரே ராமராயர் மண்டபத்தில் ராத்திரி முழுக்கத் தசாவதாரம் காட்டி, விடிந்ததும் மோகினியாக நிற்கிறாரே! பெரியவர்கள் வேஷம் கட்டுவது மதுரைக்குப் புதுசா என்ன?

குலசேகரன்பட்டினம் தசரா இன்னும் ஒரு படி மேலே. முத்தாரம்மனுக்கு வேண்டிக்கொண்டவர்கள் விரதமிருந்து காளி, குறத்தி, குரங்கு, கரடி, போலீஸ்காரர் என்று வேஷம் கட்டி, குழுக் குழுவாக ஊர் ஊராகப் போய்க் காணிக்கை வாங்கிக் கோயிலில் சேர்ப்பார்கள். பத்தாம் நாள் ராத்திரி கடற்கரையில் சூரசம்ஹாரம். அது நேர்த்திக்கடன், ஹாலோவீன் விளையாட்டு. இரண்டையும் நான் ஒன்றாக்கவில்லை. ஆனால் ஒன்று புரிகிறது. வேஷம் கட்டி, நாலு பேரோடு ஆடி, கொஞ்ச நேரம் வேறொரு ஆளாக இருக்க வேண்டும் என்கிற ஆசை, வயதானால் போய்விடுவதில்லை. சாமி பேரைச் சொன்னால் ஊர் அதற்கு அனுமதி கொடுக்கிறது. அதுவும் பெரும்பாலும் ஆண்களுக்கு! வெறும் சந்தோஷத்துக்காக என்றால், நாம் நமக்கே அனுமதி கொடுப்பதில்லை.

ஆகவே பெரியவர்களுக்குப் போரடிக்குமா என்றால், வெளியே நின்று பையைப் பிடித்துக்கொண்டிருந்தால் நிச்சயம் போரடிக்கும். கால் வலிக்கும். 'எப்படா கிளம்பலாம்' என்று கடிகாரத்தைப் பார்ப்போம். உள்ளே இறங்கிவிட்டால் போரடிக்காது. பேய் வீடும் அப்படித்தான். அது அட்டைப் பேய் என்று தெரியும். ஆனாலும் இருட்டில் ஒரு கை நம் தோளைத் தொட்டால் அட்ரினலின் சுரந்து நெஞ்சு படபடக்கிறது. ஆபத்தில்லை என்று தெரிந்த மறு நிமிஷம் அந்தப் படபடப்பே சிரிப்பாகிறது. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து அலறுகிற அம்மாவை அந்தக் குழந்தை மறக்கவே மறக்காது.

ஆசைக்கும் ஒரு அளவு உண்டு. கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள், ரத்தக்கொதிப்பு கட்டுக்குள் வராதவர்கள், முதுகுவலிக்காரர்கள் வேகமான ராட்டினங்களில் ஏற வேண்டாம். வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே ஏறினால் குமட்டும். 3, 4 வயதுப் பிள்ளைகளுக்கு முகமூடி வேறு, முகம் வேறு என்று சரியாகப் புரியாது. அழுதால் இழுத்துக்கொண்டு போகாதீர்கள், கேலியும் செய்யாதீர்கள். 5 வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குக் கெட்டி மிட்டாய், முழுக் கடலை கொடுக்க வேண்டாம், தொண்டையில் சிக்கிக்கொள்ளும். கூட்டமான இடத்துக்குப் போகும்போது குழந்தையின் சட்டைப் பையில் போன் நம்பர் எழுதிய சீட்டு ஒன்று இருக்கட்டும். தண்ணீர் விளையாட்டு உள்ள பார்க் என்றால் உங்களுக்கும் ஒரு செட் மாற்று உடுப்பு எடுத்துவையுங்கள். பிள்ளைகளுக்கு மூன்று செட் எடுத்து வைத்துவிட்டு நமக்கு மறந்துபோவதுதானே வழக்கம்!

எல்லாவற்றையும்விட முக்கியம், பை. ஒரு சுற்று நீங்கள், ஒரு சுற்று அவர் என்று கிளம்பும்போதே முறை வைத்துக்கொள்ளுங்கள். கூட வரும் மாமியாரையும் அம்மாவையும், 'நீங்க ஏறுறீங்களா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். எல்லோருக்கும் எல்லாம் பிடித்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் கேளுங்கள். ஏறட்டுமா என்று அவர்களாகவே கேட்டால், என்னைப் போலப் பதில் சொல்லிவிடாதீர்கள்.

அன்று சாயங்காலமே மகளைக் கூப்பிட்டேன். "எங்களுக்கும் சேர்த்தே டிக்கெட் எடு. நான் வேஷமும் கட்டப் போறேன்."

"அம்மா! என்ன வேஷம்?"

"ஔவையார். தலைதான் நரைச்சிருக்கே, அதுக்குத் தனிச் செலவு இல்லை. ஒரு வெள்ளைச் சேலையும் நெத்தி நிறைய விபூதியும் இருந்தா போதும்."

பேப்பர் படித்துக்கொண்டிருந்த இவர் தலையைத் தூக்கினார். "அப்போ பையை யார் பிடிக்கிறது?"

"முறை வச்சுப் பிடிப்போம். முதல் முறை உங்களுடையது!" என்றேன்.