நாச்சியார்கோவிலில் ஒரு திங்கட்கிழமை ஜுரம்!

திங்கட்கிழமை ஆனா ஜுரம் வர்றது நம்மள மாதிரி காலேஜ் பசங்களுக்கு மட்டும்தான்னு நினைச்சிட்டிருந்தேன். இல்லையாம்!

கும்பகோணத்திலிருந்து திருவாரூர் ரோட்டில் சுமார் பத்து கிலோமீட்டர் போனா நாச்சியார்கோவில். கல் கருடனைக் கும்பிட ஒரு கூட்டம், குத்துவிளக்கு வாங்க ஒரு கூட்டம். ஊர் பேரிலேயே புவிசார் குறியீடு வாங்கின விளக்கு ஆச்சே! கடைத்தெருவைத் தாண்டி சந்துக்குள்ள நுழைஞ்சா, கடைசல் மெஷின் சத்தம் காதைப் பிடிச்சு இழுக்குது. அப்படி ஒரு பட்டறைக்குள்ள எட்டிப் பார்த்தேன்.

''என்ன தம்பி படிக்கிறீங்க?''

''மெக்கானிக்கல்ங்க.''

''அப்ப சொல்லுங்க, பித்தளையில செம்பு எவ்வளவு, நாகம் எவ்வளவு?''

நாகம்னா துத்தநாகம். வைவாவை இங்கேயுமா வைப்பாங்க? ''70க்கு 30...'' என்று இழுத்தேன்.

''எந்த வேலைக்குன்னு திருப்பிக் கேக்கணும் தம்பி!'' - பெரியவர் சிரிச்சார்.

நியாயம்தான். 70:30 பித்தளை நல்லா இழுபடும். தோட்டாக் கூடு அதில்தான் செய்வாங்க. 60:40 போனா உறுதி கூடும், ஆனா சூடாக்கித்தான் வளைக்கணும். அந்தக் கலவைக்கு 1832-ல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினவர் மன்ட்ஸ். கப்பலோட அடிப்பாகத்துக்குத் தகடு போடத்தான்! கூடவே மூணு சதவிகிதம் ஈயம் சேர்த்தா, கடைசலில் சுருள் நீளாம பொடிப்பொடியா உதிரும். குழாய், வால்வு எல்லாம் அந்த ரகம்.

இங்கே மூசையில் விழுறது பெரும்பாலும் பழைய பாத்திரம். வண்டல் மண் அச்சில் பாதம், தண்டு, எண்ணெய்த் தட்டு, மேலே அன்னம்னு தனித்தனியா வார்த்து, கடைஞ்சு, மரை போட்டு முறுக்கிச் சேர்த்தா விளக்கு ரெடி.

செம்பு உருக 1085 டிகிரி செல்சியஸ் வேணும். நாகமோ 907-லேயே கொதிச்சு ஆவியாயிடும். அதனால ஒவ்வொரு தடவை உருக்கும்போதும் நாகம் கொஞ்சம் குறையும், நிறம் சிவப்பேறும். அதை ஈடுகட்ட, கடைசியில் ஒரு துண்டு நாகத்தை இடுக்கியால் உள்ளே அமுக்கினார். குப்னு பச்சை கலந்த தீ, மேலே பஞ்சு மாதிரி வெள்ளைப் புகை! 'துத்தநாக இழப்பு ஏன்?' - செமஸ்டரில் ரெண்டு மார்க் கேள்வி. எழுதி ரெண்டும் வாங்கினவன் நான். அந்த இழப்பு எங்கே போகுதுன்னு அன்னிக்குத்தான் பார்த்தேன். நேரா அவர் மூக்குக்கு!

''ஞாயித்துக்கிழமை லீவு விட்டு திங்கட்கிழமை உலையில நின்னா, ராத்திரி குளிர் ஜுரம் தம்பி. மறுநாள் விட்டுடும். அப்புறம் வாரம் பூரா அவ்வளவா தெரியாது.''

அது துத்தநாக ஆக்சைடு புகையால வர்ற காய்ச்சல். தினம் சுவாசிச்சா உடம்பு கொஞ்சம் பழகிக்கும். ஒருநாள் லீவு விட்டா பழக்கம் போயிடும். அதனால மருத்துவத்திலேயே இதுக்கு 'திங்கட்கிழமை காய்ச்சல்'னு ஒரு பேர் உண்டு. அவர் மூக்கில் கட்டியிருந்தது ஒரு ஈரத் துண்டு. அவ்வளவு நுண்ணிய புகையை அந்தத் துண்டு தடுக்காது பாஸ்! உலைக்கு மேலே ஒரு தகரக் கூண்டு, ஒரு ஃபேன், வெளியே போக ஒரு குழாய் - இவ்வளவுதான் தேவை.

அடுத்த வருஷம் எனக்கு ப்ராஜெக்ட். காசு கொடுத்து ரெடிமேடா வாங்கி, கலர் பைண்டிங் போடுறதா கேங்ல பேசி முடிச்சிருந்தோம். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். பெரியவர் எதுவும் பேசலை. ஆணியில் தொங்கின டேப்பை எடுத்து நீட்டினார்.

''மொதல்ல கூரையை அளந்துட்டுப் போங்க.''

அளந்தேன். பதினோரு அடி.