கடைசிப் பதினாறு குடும்பங்கள்

தியானத்திற்கு: எரேமியா 36ஆம் அதிகாரம்



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் ஒரு சகோதரர் என்னிடம் வந்தார். வீட்டிலுள்ள பழைய கணினியிலிருந்து பிள்ளைகளின் படங்களைப் பென் டிரைவில் சேமிக்க முயன்றாராம். பாதிக்கு மேல் இடம் காலியாக இருந்தும் சேமிக்க முடியவில்லை என்றே செய்தி வந்ததாம். "ஐயா, பழைய கணினிதானே, அப்படித்தான் ஏதாவது சொல்லும், விட்டுவிடலாமா?" என்று கேட்டார். விட்டுவிடாதீர்கள் என்றேன். அப்படி ஒருமுறை நான் விட்டுவிட்டதை இந்த வாரம் உங்களிடம் அறிக்கையிட விரும்புகிறேன்.

2006ஆம் ஆண்டு பூதலூர்ப் பகுதியில் ஊழியம் செய்துகொண்டிருந்தேன். அவ்வாண்டு கிறிஸ்துமஸுக்குள் சபைக் குடும்பங்கள் அனைத்தின் படங்களோடும் ஒரு புத்தகம் அச்சிடுவதென்று தீர்மானித்தோம். மொத்தம் 143 குடும்பங்கள். கல்லணைக் கால்வாயில், எங்கள் வழக்கில் சொன்னால் புது ஆற்றில், தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. பகலில் எல்லாரும் வயலில் இருப்பார்கள். ஆகவே மாலை வேளைகளில் இரவல் டிஜிட்டல் கேமராவோடு வீடு வீடாகச் சென்றேன்.

குருமனையில் இருந்தது விண்டோஸ் 98 கணினி. பென் டிரைவை அது கண்டுகொள்ளவே தனியாக ஒரு நிரலை நிறுவ வேண்டியிருந்தது. கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைத்தால் கேள்விக்குறிகளாகத் தெரிந்தன. எனவே வரிசை எண், குடும்பத்தலைவர் பெயர், தெரு என்று ஆங்கில எழுத்தில் முப்பது எழுத்துக்குக் குறையாமல் நீண்ட பெயராக ஒவ்வொரு படத்துக்கும் இட்டேன். ஹார்ட் டிஸ்கில் இடம் மிகக் குறைவு. ஒரு புரட்டாசி இரவு, 143 படங்களையும் 256 எம்.பி. பென் டிரைவுக்குப் பிரதியெடுத்தேன். நடுவில் ஒரு செய்தி தோன்றியது: கோப்பை உருவாக்க முடியவில்லை. எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்த்தேன். பாதிக்கு மேல் காலி. ஏதோ ஒரு கோப்பில் கோளாறு போலும் என்று எண்ணி, முதல் நான்கு படங்களைத் திறந்து பார்த்தேன். தெளிவாக இருந்தன. கணினியில் இருந்தவற்றை அழித்தேன், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன். கேமராவைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடைசிப் படத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஐப்பசி மழையில் புது ஆற்றங்கரையில் ஒரு பெரியவர் இறந்துபோனார். ஆயுள் முழுவதும் பிறர் வயலில் நாற்றுப் பறித்தவர். நான் போய் ஜெபித்து எழுந்தபோது அவர் மனைவி, "ஐயா, அன்னைக்கு நீங்க எடுத்தீங்களே, அந்தப் படம் இருக்குமா?" என்று கேட்டார். இருக்கிறது, கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்து வந்தேன். பென் டிரைவில் 127ஆம் எண்ணோடு எல்லாம் நின்றுபோயிருந்தது. அவர்களுடையது 138. அடக்க ஆராதனையில், வாக்காளர் அட்டையிலிருந்த படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டிருந்தார்கள். கண்ணும் மூக்கும் கரைந்துபோன ஒரு முகம். அதற்குப் பக்கத்தில் நின்றுதான் நான் பிரசங்கம் செய்தேன்.

காரணத்தைத் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வாலிபத் தம்பி விளக்கினார். அந்நாளைய பென் டிரைவ்கள் பல ஃபேட் 16 என்னும் முறையில் வகைப்படுத்தப்பட்டிருந்தன. அதன் முகப்பில் கோப்புகளின் பெயர்களைக் குறித்துவைக்கும் ஏடு ஒன்று உண்டு. வழக்கமாக அதில் 512 வரிகள்தான், அதற்குமேல் அது வளராது. எட்டெழுத்துப் பெயர், மூன்றெழுத்துப் பின்னொட்டு என்றிருந்த காலத்தில் ஒரு கோப்புக்கு ஒரு வரி போதுமாயிருந்தது. விண்டோஸ் 95 நீண்ட பெயர்களை அனுமதித்தபோது, அந்தப் பழைய ஏட்டையே வைத்துக்கொண்டு, பெயரின் ஒவ்வொரு 13 எழுத்துக்கும் கூடுதலாக ஒரு வரியை எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தார்கள். என் பெயர்களுக்குக் கூடுதல் வரி மூன்று, அடிப்படை வரி ஒன்று, ஆக நான்கு. பென் டிரைவின் சொந்தப் பெயருக்கு ஒரு வரி போக மீதி 511. நான்கால் வகுத்தால் 127. பெத்லகேமில் குடிமதிப்பு எழுத ஏடு இருந்தது, சத்திரத்தில் இடமில்லை. என்னிடமோ இடம் தாராளமாக இருந்தது, ஏட்டில்தான் வரியில்லை.

பரிகாரம் எளிது. பென் டிரைவுக்குள் ஒரு ஃபோல்டரை உருவாக்கி, படங்களை அதற்குள் சேமித்தால் போதும். ஃபோல்டரின் ஏடு தேவைக்கேற்ப வளரும், 512இல் நிற்காது. அந்த ஃபோல்டரை உருவாக்கவே வரி இல்லையென்றால், முகப்பிலுள்ள ஓரிரு கோப்புகளை முதலில் வேறிடத்திற்கு மாற்ற வேண்டும். ஃபேட் 32 முறையில் முகப்புக்கும் இந்த வரம்பு இல்லை. அந்தச் சகோதரருக்கும் இதையே சொன்னேன். திங்கட்கிழமை மாலைக்குள் அவருடைய படங்கள் எல்லாம் சேர்ந்துவிட்டன.

தம்பி என்னிடம் இன்னொன்றும் கேட்டார்: "அழித்த பிறகு கணினியில் ஏதாவது சேமித்தீர்களா, ஐயா?" அழித்த கோப்பு உடனே மறைவதில்லை. அதன் பெயரின் முதல் எழுத்து மட்டும் மாற்றப்பட்டு, அந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறது. அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை உள்ளே இருப்பது அப்படியே கிடக்கும். நானோ அறுப்பின் பண்டிகைப் படங்களையும் பாடல்களையும் அதே கணினியில் நிரப்பியிருந்தேன். அவர் இரவெல்லாம் உட்கார்ந்து தேடினார். பதினாறில் ஒன்பது முழுமையாகக் கிடைத்தன. மூன்று படங்கள் மேல்பாதி மட்டும் தெரிந்து, கீழே சாம்பல் நிறமாயின. நான்கு கிடைக்கவே இல்லை. 138ஆம் எண் அந்த நான்கில் ஒன்று.

அந்த இரவுக்குப் பிறகு பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண்களை இட்டவன் நானே. ஆலயத் தெருவில் தொடங்கி, சம்பளக்காரர் வீடுகளும் நிலமுள்ளவர் வீடுகளும் முதலில் வந்து, புது ஆற்றின் அக்கரையில் கூலிக்குப் போகிறவர்களோடு முடிந்திருந்தது. யாரையும் தாழ்த்தும் எண்ணத்தில் நான் அப்படி எழுதவில்லை. என் சைக்கிள் போகும் வழி அது. கிறிஸ்துமஸ் கீத பவனியும் அதே வழிதான் போகும். அக்கரைக்குப் போய்ச் சேரும்போது பாடுகிறவர்களுக்குத் தொண்டை கட்டியிருக்கும். கோளாறு வந்தபோது கணினி தன் மனம்போல் பதினாறு பேரைத் தெரிந்தெடுக்கவில்லை. நான் கடைசியில் வைத்தவர்களையே அது வெளியே விட்டது.

எரேமியா சொல்லச் சொல்லப் பாருக் எழுதிய சுருளை யோயாக்கீம் ராஜா சூரிக்கத்தியால் அறுத்து நெருப்பில் போட்டான் என்று வாசிக்கிறோம். பின்பு வேறொரு சுருள் எடுக்கப்பட்டது. முன்னிருந்தவை யாவும் மறுபடியும் எழுதப்பட்டன, இன்னும் பல வார்த்தைகளும் சேர்க்கப்பட்டன. பாருக்கின் கை எவ்வளவு வலித்திருக்கும் என்று அந்த நாட்களில் அடிக்கடி நினைத்தேன். அவன் சுருளை எரித்தவன் ஒரு ராஜா. என் சுருளை நானே எரித்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்பு மறுபடியும் கேமராவை இரவல் வாங்கினேன். இம்முறை 143இல் தொடங்கி மேல்நோக்கி வந்தேன். 138ஆம் வீட்டில் அந்த அம்மாவிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். வெகுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. "அவரு அன்னைக்குச் சட்டை போட்டுக்கிட்டு நின்னாரு, ஐயா" என்று மட்டும் சொன்னார். பிறகு உள்ளே போய் முகம் கழுவி வந்து, வாக்காளர் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். அப்படியே எடுத்தேன்.

அன்றிரவு குருமனையில் பென் டிரைவுக்குள் ஒரு ஃபோல்டரை உருவாக்கி, எல்லாப் படங்களையும் அதில் சேமித்தேன். பென் டிரைவை முறைப்படி கழற்றி, மறுபடியும் செருகி, கடைசிப் படத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன்.