மைனஸ் ஐந்து வோல்ட்

ஹைதராபாத் கோட்டியில் குஜராத்தி கல்லிக்குள் நுழைந்து 4116 இருக்கிறதா என்று கேட்டால், பெரும்பாலான கடைகளில் பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். மொபைல் சார்ஜர், சிசிடிவி அடாப்டர், எல்இடி சரம் என்று சகலமும் தொங்கும் சந்து அது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் வயதான கடைக்காரருக்கு மட்டும் கேள்வி புரியும். "எத்தனை?" என்று கேட்க மாட்டார். "எதுக்கு?" என்பார்.

4116 என்பது 16,384 பிட் கொள்ளும் நினைவகச் சிப். 1970களின் பிற்பகுதிச் சரக்கு. இன்று எந்தத் தொழிற்சாலையும் செய்வதில்லை. சந்தையில் இருப்பதெல்லாம் பழைய போர்டிலிருந்து கழற்றி, காலுக்குப் புது ஈயம் பூசியவை. சிலவற்றில் முதுகைத் தேய்த்துப் புது எண்ணும் அச்சடித்திருப்பார்கள். நான் யாருடன் போனேனோ அவர் சட்டைப்பையில் அசிட்டோன் நனைத்த பஞ்சு வைத்திருந்தார். சிப்பின் முதுகில் ஒரு இழுப்பு. அச்சு பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்தால் டப்பாவைத் திருப்பித் தள்ளிவிடுவார். கடைக்காரருக்கு இதில் கோபமில்லை, இன்னொரு டப்பாவை எடுத்து வைக்கிறார். இருவருக்கும் பல வருஷப் பழக்கம்.

நான் கூடப் போன பெரியவர் ஈசிஐஎல் என்ற அரசு மின்னணுத் தொழிற்சாலையில் டிவி பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். சிகந்தராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். தாத்தா காலத்தில் கன்டோன்மென்ட் வேலைக்கு வந்த குடும்பம். பத்மராவ் நகரில், ஸ்கந்தகிரி முருகன் கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில், வீட்டு முன்னறையே பழைய கணினிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை. பக்கத்து வீட்டுக்காரர்கள் தெலுங்கில் 'அங்குல்' என்பார்கள். வேலை கற்றுக்கொள்ளும் பழைய நகரத்துப் பையன் 'உஸ்தாத்' என்பான். நான் 'சார்' என்று ஆரம்பித்தேன். அவர் என்னைத் 'தம்பி' என்று கூப்பிட்டுக் கணக்கை முடித்துவிட்டார்.

மென்பொருளால் பேர் வாங்கிய ஊர் இது. சைபர் டவர்ஸ் திறந்தது 1998-ல். ஆனால் இங்கே கணினியின் கதை அதற்கு முப்பது வருஷம் முன்பே தொடங்கிவிட்டது. ஈசிஐஎல் 1967-ல் ஆரம்பம். அங்கே 1969-ல் வெளிவந்த டிடிசி-12 என்ற பன்னிரண்டு பிட் எந்திரம்தான் இந்தியாவில் செய்து விற்ற முதல் கணினிகளில் ஒன்று. 1978-ல் ஐபிஎம் நாட்டை விட்டுப் போனபோது அது விட்டுச்சென்ற எந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு சிஎம்சி என்ற அரசு நிறுவனத்துக்கு வந்தது. பராமரிப்பு என்பதே ஒரு தொழிலாக, சம்பளத்தோடு, இந்த ஊரிலும் நடந்திருக்கிறது.

வீட்டுக் கணினி என்பது அதற்குப் பிறகு வந்த தனி வகை. டிவியில் செருகி, கேஸட்டில் நிரல் ஏற்றி, பேசிக் மொழியில் தட்டிப் பழகுகிற பொருள். இங்கிலாந்தில் 1982 ஏப்ரலில் வெளியான சின்க்ளேர் ஸ்பெக்ட்ரத்தை, 1986-ல் டெசிபெல்ஸ் என்ற இந்திய நிறுவனம் உரிமம் பெற்று டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ் என்று விற்றது. அதற்கு முன்பே, 1984-ல், மத்திய அரசு கிளாஸ் திட்டம் என்று தொடங்கிப் பள்ளிகளுக்குப் பிபிசி மைக்ரோ கணினிகளைக் கொடுத்தது. பெரியவரின் மேசைக்கு வருபவை பெரும்பாலும் இந்த இரண்டும்தான். நடுவே ஹைதராபாத்துக்கே உரிய ஒரு விருந்தாளியும் உண்டு: வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த சக்ர். குவைத் நிறுவனம் ஒன்று அரபிக்காக வெளியிட்ட எம்எஸ்எக்ஸ் வகைக் கணினி. விசைகளில் ஆங்கில எழுத்தும் அரபி எழுத்தும் சேர்ந்தே இருக்கும். பையனின் தெருவிலிருந்தே ஒன்று வந்திருந்தது. அதைத் துடைத்து வைக்கும் வேலையை மட்டும் வேறு யாருக்கும் கொடுக்க மாட்டான்.

நான் போயிருந்த அன்று மேசையில் ஒரு ஸ்பெக்ட்ரம். பெங்களூரில் இருக்கும் ஒருவர் கூரியரில் அனுப்பியது. "ஸ்விட்ச் போட்டா திரை முழுக்கக் கட்டம் கட்டமா வருது" என்று சீட்டு எழுதியிருந்தார்.

பெரியவர் மின்சாரம் கொடுக்கவே இல்லை. முதலில் கூடவே வந்த அடாப்டரை எடுத்து மல்டிமீட்டர் வைத்தார். ஸ்பெக்ட்ரத்துக்கு 9 வோல்ட் டிசி வேண்டும், ஆனால் பிளக்கின் நடு முனைதான் மைனஸ். இன்று வீட்டில் கிடக்கிற அடாப்டர் அநேகமாக எல்லாம் நடு முனை பிளஸ். "இதைப் பார்க்காம செருகினவங்களாலதான் எனக்கு இந்த வேலையே வருது" என்றார். அடாப்டர் சரியாக இருந்தது. மூடியைத் திறந்தார். உள்ளே விசைப்பலகையிலிருந்து வரும் பிளாஸ்டிக் நாடா நாற்பது வருஷத்தில் மொறுமொறுவென்று ஆகியிருந்தது. மடித்தால் உடையும். அதைப் பற்றிக் கவலை இல்லை, புது நாடா இன்றும் செய்து விற்கிறார்கள்.

பிறகு நினைவகம். ஸ்பெக்ட்ரத்தின் முதல் 16 கிலோபைட் எட்டு 4116 சிப்களில் இருக்கிறது. இந்தச் சிப்பின் குணம் விசித்திரம். அதற்கு ஒரே மின்னழுத்தம் போதாது: பிளஸ் 5, பிளஸ் 12, மைனஸ் 5 என்று மூன்று வேண்டும். அதிலும் மைனஸ் 5 முதலில் வந்து கடைசியில் போக வேண்டும். அது இல்லாமல் பிளஸ் 12 மட்டும் கிடைத்தால் சிப் தன்னையே எரித்துக்கொள்ளும். போர்டில் ஒரு சின்னச் சுருளும் டிஆர்4 என்ற டிரான்சிஸ்டரும் சேர்ந்து பிளஸ் 12-ஐயும் மைனஸ் 5-ஐயும் உண்டாக்குகின்றன. யாராவது மின்சாரம் இருக்கும்போதே பின்பக்க இணைப்பை ஆட்டிப் பிடுங்கினால் டிஆர்4 போகும். டிஆர்4 போனால் மைனஸ் 5 போகும். மைனஸ் 5 போனால் சிப் போகும். சில சமயம் வரிசை தலைகீழ்: ஒரு சிப் உள்ளே ஷார்ட் ஆகி டிரான்சிஸ்டரைக் கொன்றிருக்கும். எது எதைக் கொன்றது என்று தெரியாமல் டிரான்சிஸ்டரை மட்டும் மாற்றினால் புதியதும் நிமிஷத்தில் போய்விடும்.

பையனைக் கூப்பிட்டார். "ஒண்ணாம் கால்ல என்ன வரணும்?"

"மைனஸ் பாஞ்ச்."

"எட்டுல?"

"பாரா. நௌ மே பாஞ்ச். சோலா கிரவுண்ட்."

எட்டில் பன்னிரண்டு, ஒன்பதில் ஐந்து, பதினாறு கிரவுண்ட். ஒப்பித்தல் போல இருந்தாலும் பையன் மீட்டர் முனையை அந்தந்தக் காலில் வைத்தபடியேதான் சொன்னான். மின்சாரம் கொடுத்தார்கள். மைனஸ் 5 இல்லை. உடனே நிறுத்திவிட்டு, எட்டுச் சிப்களின் மேலும் விரல்களின் பின்புறத்தை வைத்துப் பார்த்தார் பெரியவர். உள்ளங்கைப் பக்கம் தோல் தடித்துப்போனது, சூடு சட்டென்று தெரியாதாம். மூன்றாவது சிப் கொதித்தது.

அதை எடுத்த விதத்தைத்தான் நான் சொல்ல வேண்டும். இரும்பைச் சூடாக்கி சிப்பை நெம்பி எடுக்கவில்லை. முதலில் பதினாறு கால்களையும் கட்டரால் நறுக்கி உடலைத் தூக்கிப் போட்டார். பிறகு ஒவ்வொரு காலாக, தொட்ட சூட்டில் இடுக்கியால் உருவினார். சிப் எப்படியும் செத்தது, காப்பாற்ற வேண்டியது போர்டின் ட்ராக்கை. ஸ்பெக்ட்ரத்தின் ட்ராக் மெல்லிசு, சூடு கொஞ்சம் கூடினால் உரிந்து வந்துவிடும். பையன் இன்னொரு துளையில் அவசரப்பட்டபோது திரும்பிப் பார்க்காமலே "ஜல்தி நக்கோ" என்றார். துளைகள் சுத்தமானதும் ஐசி பேஸ் ஒன்றைப் பற்றவைத்து, கோட்டியில் வாங்கிய சிப்பை அதில் அழுத்தினார். டிஆர்4 மாறியது. மின்சாரம் வந்ததும் திரையில் கறுப்புப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் கோடுகள். நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டிலும் 2 என்ற எண்ணை எழுதி, பிறகு குறைத்துச் சோதிக்கும் ஸ்பெக்ட்ரத்தின் வழக்கம் அது. கோடுகள் மறைந்து வெள்ளைத் திரையில் 1982 என்ற வருஷத்தோடு சின்க்ளேரின் உரிமை வரி வந்தது. பெரியவர் அதைப் பார்க்கவே இல்லை, மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனிமேல்தான் சண்டை. பையனுக்கு இந்த வைத்தியமே பிடிக்கவில்லை. எட்டு 4116-க்கும் பதிலாகப் பிளஸ் 5 மட்டும் போதும் என்கிற ஒரே சிறு போர்டு கிடைக்கிறது. அதைப் போட்டால் மைனஸ் 5 என்ற தொல்லையே இல்லை. சூடாகும் 7805 ரெகுலேட்டரை எடுத்துவிட்டு ஸ்விட்சிங் மாட்யூல் வைக்கலாம். கேஸட்டுக்குப் பதில் எஸ்டி கார்டு. ஆண்டெனா வழிப் படத்துக்குப் பதில் காம்போஸிட் வீடியோ. "ஒரே தடவை செஞ்சா திரும்பி வராது உஸ்தாத்" என்பது அவன் கட்சி. பெரியவர் காம்போஸிட்டுக்கும் எஸ்டி கார்டுக்கும் ஒத்துக்கொள்கிறார், இரண்டையும் அடையாளம் இல்லாமல் திரும்ப எடுத்துவிடலாம். ரெகுலேட்டருக்கு அரைமனது. நினைவகத்தை மாற்றுவதற்கு மட்டும் முடியாது என்கிறார்.

என் தீர்ப்பைக் கேட்டார்கள். ஹைதராபாத் மே மாதத்தில் மூடிய கறுப்புப் பெட்டிக்குள் 7805 விடும் அனலை நினைத்தால், ரெகுலேட்டரில் பையன் சொல்வதுதான் சரி. நினைவகத்தில் நான் பெரியவர் பக்கம். ஸ்பெக்ட்ரத்தின் மீதி 32 கிலோபைட்டுக்கு சின்க்ளேர் என்ன செய்தது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது: பாதி பழுதான 64 கிலோபிட் சிப்களை மலிவாக வாங்கி, நல்ல பாதியை மட்டும் பயன்படுத்திக்கொண்டது. அந்தச் சிக்கனத்தை அழித்துவிட்டு, பெட்டியை மட்டும் வைத்துக்கொள்வதில் எனக்கு ஆர்வமில்லை. மஞ்சளித்த பிளாஸ்டிக்கைப் பெராக்சைடு க்ரீம் தடவி மொட்டைமாடி வெயிலில் வெளுக்க வைக்கிறார்களே, அதுவும் எனக்கு அப்படித்தான். கொஞ்ச காலத்தில் மஞ்சள் திரும்ப வரும்.

பிபிசி மைக்ரோவில் இப்படி வாதமே கிடையாது. அதன் பவர் சப்ளையில் ரிஃபா என்ற பெயர் பொறித்த, தேன் நிறத்தில் பளபளக்கும் கண்டென்சர்கள் இருக்கும். உள்ளே காகிதம். மேல் ஓட்டில் மயிரிழை விரிசல் விட்டு, வருஷக்கணக்கில் ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். ஒருநாள் ஸ்விட்ச் போட்டதும் வெடித்து அறை முழுக்க நாற்றப் புகை. கணினிக்கு ஒன்றும் ஆகாது, போட்டவர்தான் பயந்து மறுபடி தொட மாட்டார். அதனால் பிபிசி வந்தால் கேள்வி கேட்காமல் அவற்றைப் பிடுங்கிவிடுகிறார்கள்.

"ஸ்கூல் மெஷின்னா கீபோர்டு புதுசு மாதிரி இருக்கும் தம்பி. அலமாரியில வச்சுப் பூட்டிட்டாங்க. பசங்க தொட்டாக் கெட்டுப்போயிடும்னு பயம்" என்றார் பெரியவர். கிளாஸ் திட்டத்தைப் பற்றி நான் படித்த எந்த அறிக்கையைவிடவும் அந்தத் தேயாத விசைகள் கூடுதலாகச் சொல்கின்றன.

எனக்கு ஆரம்பம் முதல் ஒரு சந்தேகம் இருந்தது. இதில் பிழைக்க முடியுமா? பெரியவர் சிரித்தார். "ஸ்பெக்ட்ரம் பார்த்து யாரு தம்பி வாடகை கட்டினது?" பட்டறையின் பின்சுவர் அலமாரியைக் காட்டினார். எண்ணெய்ப் பிசுக்கேறிய பச்சைப் போர்டுகள். பாலாநகர், ஜீடிமெட்லா, செர்லபள்ளி தொழிற்பேட்டைகளிலிருந்து வந்தவை. பிளாஸ்டிக் வார்ப்பு எந்திரம், எம்பிராய்டரி எந்திரம், எடைப்பாலம். ஒவ்வொன்றின் நடுவிலும் ஸ்பெக்ட்ரத்தில் இருக்கும் அதே இசட்80 செயலி, அல்லது அதன் சித்தப்பா 8085. எந்திரத்தின் இரும்பு இன்னும் முப்பது வருஷம் உழைக்கும், மூளை மட்டும் நின்றுவிட்டது. செய்த நிறுவனம் எப்போதோ மூடியாயிற்று. புது கன்ட்ரோலர் வைப்பதென்றால் சிறு முதலாளிக்குக் கட்டாது. அவர் இங்கே வருகிறார்.

இதில் கொடுமை என்னவென்றால், ஸ்பெக்ட்ரத்துக்குச் சர்க்யூட் வரைபடம் உண்டு. அதன் உள்ளே இருக்கும் ஃபெராண்டி சிப்பைக்கூட அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து கிறிஸ் ஸ்மித் என்பவர் 2010-ல் ஒரு புத்தகமே எழுதிவிட்டார். தொழிற்சாலைப் போர்டுக்கு ஒரு துண்டுக் காகிதமும் கிடையாது. எந்த சிப் எதற்கு என்பதை விரலாலும் மீட்டராலும் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் பெரியவர் பையனை முதல் வருஷம் ஸ்பெக்ட்ரத்தை விட்டு நகரவிடவில்லை. வரைபடத்தோடு ஒப்பிட்டு ஒவ்வொரு காலாக அளக்கச் சொன்னார். சிப்பை நறுக்கி எடுக்கவும், பழைய இபிராம் நினைவகத்தைப் படித்துப் புதியதில் எழுதவும் அதில்தான் பழகினான். ஜன்னல் வைத்த அந்த இபிராம்களில் இருக்கும் மின்னேற்றம் வருஷங்களில் கசிந்து போகும். ஒரு பிட் மாறினாலும் எந்திரம் பித்துப் பிடித்த மாதிரி ஆடும். இப்போது எந்த போர்டு வந்தாலும் பையன் செய்யும் முதல் வேலை, இபிராமைப் படித்து நகல் எடுத்து வைப்பது. பழுது அப்புறம்.

ஆக, நாடு முழுக்க இருக்கும் ஆர்வலர்கள் ஆசையாய் அனுப்பும் வீட்டுக் கணினிகள் இந்தப் பட்டறையின் பள்ளிக்கூடம். சோறு வேறு இடத்திலிருந்து வருகிறது. 1976-ல் வந்த இசட்80-ஐ இனிமேல் தனிச் சிப்பாகச் செய்யப்போவதில்லை என்று அதைச் செய்து வந்த ஸைலாக் நிறுவனம் 2024 ஏப்ரலில் அறிவித்து, கடைசி ஆர்டருக்கு ஜூன் வரை அவகாசம் கொடுத்தபோது, உலகமெங்கும் பழங்கணினி ரசிகர்கள் இரங்கல் எழுதினார்கள். பெரியவர் கையிருப்புப் பணத்தில் குழாய் குழாயாக வாங்கி வைத்தார். அவற்றில் எத்தனை ஸ்பெக்ட்ரத்துக்குப் போகும் என்று கேட்டேன். கை விரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை எர்ரகட்டா சந்தைக்கு அழைத்துப்போனார்கள். சாலையோரம் தார்ப்பாய் விரித்து டிரில்லிங் மெஷின், அறுந்த ஒயர், ரிமோட், குக்கர் மூடி என்று கிடக்கும். பழைய போர்டுகளுக்கு அங்கே போட்டி அதிகம். கால்களில் தங்க முலாம் பூசிய சிப்களை அமிலத்தில் போட்டுக் கரைப்பவர்கள் காலையிலேயே வந்துவிடுகிறார்கள். பெரியவர் ஒரு ஓரத்தில் மடிந்திருந்த உடைந்த விசைப்பலகையைப் புரட்டிக்கொண்டிருந்தார், பழைய வீட்டுக் கணினியினுடையதாக இருக்கலாம் என்று. பையன் அதைத் தாண்டிப் போய், சாணி நிறத்தில் தூசி படிந்த ஏதோ எந்திரத்தின் கன்ட்ரோல் போர்டைத் தூக்கினான். சட்டை நுனியால் துடைத்துப் பார்த்தான். இசட்80, நாலு இபிராம், எல்லாமே ஐசி பேஸில். நறுக்க வேண்டியதே இல்லை.

கடைக்காரர் தராசை எடுத்தார். மின்மாற்றியோடு சேர்த்துத்தான் எடை என்றார். பையன் ஸ்க்ரூட்ரைவரை எடுத்து, அங்கேயே உட்கார்ந்து, மின்மாற்றியைக் கழற்ற ஆரம்பித்தான். பெரியவர் விசைப்பலகையைக் கீழே வைத்துவிட்டு, கடைக்காரரிடம் இரும்புக்குத் தனி விலை பேசப் போனார்.