டி.என். 06-ம் ஒரு இன்டர்ன்ஷிப் சர்டிபிகேட்டும்

2025 மே மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம். வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் முடிச்சுட்டு ஃபேனுக்குக் கீழ சுருண்டு கிடந்தேன். போன் அடிச்சுது. சித்தி பையன். பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் மூணாவது வருஷம், ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு காலேஜ்.

"அண்ணா, ஒரு சின்ன ஹெல்ப். உங்க கம்பெனி லெட்டர்ஹெட்ல ஒரு இன்டர்ன்ஷிப் சர்டிபிகேட் கிடைக்குமா? நாலு வாரம்னு போட்டா போதும்."

"நாலு வாரம் வந்து என்ன பண்ணப் போற?"

"வரவெல்லாம் வேணாம்ணா. சர்டிபிகேட் மட்டும்தான்."

விஷயம் இதுதான். அண்ணா பல்கலைக்கழகத்தோட 2021 ரெகுலேஷன்ல, ஆறாவது செமஸ்டர் முடிஞ்ச கோடை விடுமுறையில இன்டர்ன்ஷிப் போயிட்டு வந்தா ஏழாவது செமஸ்டர்ல 2 கிரெடிட். நல்ல எண்ணத்தில் கொண்டு வந்ததுதான். ஆனால் மாநிலம் முழுக்க இருக்கிற நானூத்துச் சொச்சம் காலேஜ் பசங்களும் ஒரே மாசத்தில் கிளம்பினால் அத்தனை பேரையும் உட்கார வைக்க நாற்காலிக்கு எங்கே போவது? அதனால் சர்டிபிகேட் தனியாக ஒரு சரக்காகி விட்டது. ஆன்லைனில் 'விர்ச்சுவல் இன்டர்ன்ஷிப்' என்று போடுகிறார்கள். காசைக் கட்டினால் பேர் அடிச்ச பி.டி.எஃப். மெயிலில் வந்து விழும். தம்பி அந்தக் காசை மிச்சம் பிடிக்கப் பார்த்தான், அவ்வளவுதான்.

முடியாதுன்னு சொன்னேன். சும்மா சொல்லியிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? ஒரு பத்து நிமிஷம் அட்வைஸ் மழை பொழிஞ்சேன். நாங்க ரெஸ்யூமே பார்க்கும்போது இதெல்லாம் ரெண்டே நிமிஷத்துல கண்டுபிடிச்சுடுவோம், நாளைக்கு இன்டர்வியூல மாட்டுவ, இத்யாதி இத்யாதி. பொறுமையா கேட்டுக்கிட்டு இருந்தவன் கடைசியில் ஒரே ஒரு வரி சொன்னான்.

"நீங்க மட்டும் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ட தி.நகர்ல காசு குடுத்துத்தானேண்ணா வாங்குனீங்க?"

அவ்வ்வ்வ். எங்க அம்மா அவங்க தங்கச்சிகிட்ட எதைத்தான் சொல்லாம விட்டிருக்காங்க!

மக்களே, இப்போ கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

வாங்கினேன். 2018 ஜனவரி. நான் படிச்சது எலெக்ட்ரானிக்ஸ். நாலு பேர் டீம், தலைக்கு மூவாயிரம். தி.நகர்ல ஒரு செருப்புக் கடைக்கு மேல ரெண்டாவது மாடி. அந்தக் காலத்துல தி.நகர், வடபழனி, அசோக் நகர்னு எங்கே பார்த்தாலும் 'ஐ.ஈ.ஈ.ஈ. ப்ராஜெக்ட்ஸ்' போர்டு தொங்கும். உள்ளே போனால் ஒரு ஃபைல் தருவாங்க. ஹோட்டல் மெனு கார்டு மாதிரி வரிசையா தலைப்புகள். விரலை வெச்சு ஒண்ணைக் காட்டணும். கோடு, பி.பி.டி., அட்டை போட்ட ரிப்போர்ட் எல்லாம் அவங்க பொறுப்பு. வைவாவுல என்ன கேட்பாங்க, என்ன சொல்லணும்ங்கறதுக்குத் தனி ட்ரெயினிங், அது இலவசம். நாங்க விரல் வெச்சது 'மேட்லேப் மூலம் வாகன நம்பர் பிளேட்டைப் படித்தல்'. என்னைக் கேட்டா, அந்த வருஷம் தமிழ்நாட்டுல நூறு டீமாவது அதே ப்ராஜெக்ட்டை வாங்கியிருக்கும்.

ஏன் வாங்கினோம்? வெக்கத்தை விட்டு சொல்றேன், பயம். மூணரை வருஷத்துல நாங்களா ஒரு சாமானைக்கூட செஞ்சதில்லை. லேபில் ரீடிங்கை சீனியர் ரெக்கார்டு பார்த்து எழுதினோம். ப்ளேஸ்மென்ட் ட்ரெயினிங்னு ஒண்ணு நடத்தினாங்க. ரெண்டு ரயில் எதிரெதிரா வருது, ஒரு தொட்டியில ஒரு குழாய் தண்ணி விடுது இன்னொரு குழாய் வெளியேத்துது, அதே பழைய கணக்குதான். இன்பிளான்ட் ட்ரெயினிங்குக்கு மீனம்பாக்கத்துல பி.எஸ்.என்.எல். பயிற்சி மையத்துக்குப் போனோம். அங்க டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் எப்படி ஓடுதுன்னு ஒருத்தர் உருகி உருகிச் சொன்னார். பாதி பேர் சர்டிபிகேட்டை எப்போ தருவாங்கன்னு வாட்சைப் பார்த்தோம். (அந்தப் பாதியில் நானும் ஒருத்தன்.) ஐ.ஐ.டி.யில சாஸ்த்ரா நடந்தா போவோம், பார்ட்டிசிபேஷன் சர்டிபிகேட்டோட திரும்புவோம். ஃபைல் மட்டும் குண்டாச்சு.

ஃபர்ஸ்ட் ரிவ்யூ வந்துச்சு. சென்டர்ல கொடுத்த பத்து போட்டோவையும் கோடு அழகா படிச்சுது. பத்தும் வெளிநாட்டுக் கார்கள். எங்க கைடு பாவம் ரொம்ப சாது. தன்னோட ஸ்கூட்டர் பிளேட்டை மொபைல்ல எடுத்துக் கொடுத்து, "இதைப் படிக்குதா பாருப்பா"ன்னார். டி.என். 06. எங்க ஏரியா வண்டி, மந்தைவெளி ரிஜிஸ்ட்ரேஷன். ஸ்கிரீன்ல வந்தது '8I1', அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்லை. அவர் திட்டக்கூட இல்லை. "நம்மூர் வண்டியப் படிக்காதா இது?"ன்னு நிஜமான சந்தேகத்தோட கேட்டார்.

தி.நகர் மாடிக்கு ஓடினேன். "வைவாவுக்கு நாங்க குடுத்த பத்து இமேஜ் மட்டும் போடுங்க பிரதர்"னு சொல்லிட்டாங்க. சரி, நாமளே கோடைத் திறந்து பார்ப்போம்னா முக்கியமான ஃபைல் எல்லாம் 'பி' ஃபைல். மேட்லேப்ல அப்படி ஒரு வசதி உண்டு, ஓடும், ஆனா உள்ளே என்ன எழுதியிருக்குன்னு பார்க்க முடியாது. காசு கொடுத்து வாங்கின பொருளை நமக்கே பூட்டித் தந்திருந்தாங்க.

டீம்ல மத்த மூணு பேரும் பத்து இமேஜோட போயிடலாம்னாங்க. தப்பு சொல்ல மாட்டேன், ஒருத்தனுக்கு ரெண்டு அரியர், இன்னொருத்தன் வீட்டுல கஷ்டம். எனக்குத்தான் அந்த ஸ்கூட்டர் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு.

அடுத்த அஞ்சு வாரம் நான் உட்கார்ந்தது கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல. 2010 செப்டம்பர்ல திறந்தது. 2011-ல அதைக் குழந்தைகள் ஆஸ்பத்திரியா மாத்தப் போறதா அரசு அறிவிச்சப்போ ஹைகோர்ட் தடை போட்டதால தப்பிச்ச கட்டடம். நம்ம சொந்தப் புத்தகத்தைக் கொண்டு போய்ப் படிக்க அங்க தனி இடம் உண்டு. குரூப் 2, யூ.பி.எஸ்.சி.ன்னு சுத்தி உட்கார்ந்து படிக்கிறவங்களைப் பார்த்தாலே நமக்கும் தூக்கம் வராது. மந்தைவெளியிலிருந்து பஸ்தான். அந்த ஜனவரி 20-ஆம் தேதிதான் பஸ் கட்டணத்தை ஒரேயடியா ஏத்தியிருந்தாங்க. அதனால பாதி நாள் அடையாறு பாலம் வழியா நடை.

படம் வேணுமே. லஸ் கார்னர்லயும் பாண்டி பஜார்லயும் நின்னு பார்க் பண்ணின வண்டியை எல்லாம் போட்டோ எடுத்தேன். ஒரு ஆட்டோ அண்ணன், "இன்னாத்துக்குப்பா என் வண்டிய புடிக்கிற? ட்யூ கட்டலியா நானு?"ன்னு சட்டையைப் பிடிச்சுட்டார். ஃபைனான்ஸ் கம்பெனி ஆள்னு நினைச்சுட்டார் மனுஷன். ப்ராஜெக்ட்னு விளக்கினதும் துணியால பிளேட்டைத் துடைச்சு விட்டு, "இப்ப எடு, நல்லா வரும்"னார். என் வாழ்க்கையின் முதல் டேட்டா க்ளீனிங் அவர் செஞ்சதுதான் :-)

வீட்டுக்கு வந்து பார்த்தப்போதான் புரிஞ்சுது. பைக் பிளேட் ரெண்டு வரி, கோடு ஒரு வரிதான் எதிர்பார்க்குது. சில வண்டியில தமிழ்ல எழுத்து. சிலதுல 8-ஐ வளைச்சு நெளிச்சு ஓவியமாவே வரைஞ்சிருக்காங்க. 2019 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த புது வண்டிக்கெல்லாம் ஒரே மாதிரி எழுத்தோட உயர் பாதுகாப்பு பிளேட் கட்டாயமாயிடுச்சு. நான் ஒரு வருஷம் முன்னாடியே பொறந்து தொலைச்சுட்டேன். பூட்டின கோடைத் தூக்கிப் போட்டுட்டு மொதல்லேர்ந்து எழுதினேன். ஒவ்வொரு எழுத்தையும் 42-க்கு 24 புள்ளிக்குச் சுருக்கி, கையில இருக்கிற மாதிரி எழுத்துகளோட ஒப்பிட்டுப் பார்க்கிற பழைய முறைதான், ஒண்ணும் ராக்கெட் விடலை. ரெண்டு வரியைப் பிரிக்கவே எட்டு நாள் ஆச்சு. கடைசியில் அறுபது வண்டியில முப்பத்தேழைச் சரியா படிச்சுது. கைடோட ஸ்கூட்டர் உட்பட.

கேம்பஸ்ல எனக்கு வேலை கிடைக்கலை. காலேஜ் முடிச்சு ரெண்டு மாசம் கழிச்சு வெளியில ஒரு இன்டர்வியூ. அவர் ரெஸ்யூமேல ப்ராஜெக்ட்டைப் பார்த்துட்டு அலுப்பா சிரிச்சார் (இதே ப்ராஜெக்ட்டை அன்னிக்கு எத்தனையாவது தடவை பார்த்தாரோ). "எத்தனை சதவீதம் வருது?" "அறுபதுக்கு முப்பத்தேழு சார்." மத்தவங்க எல்லாம் 95, 98-னு சொல்லியிருக்கணும். நிமிர்ந்து உட்கார்ந்து, "மிச்சம் இருபத்து மூணு ஏன் வரலை?"ன்னார். இருபது நிமிஷம் பேசினேன். வேலை கிடைச்சுது.

அது காசு கொடுத்து வாங்கின ப்ராஜெக்ட்னு அவர்கிட்ட நான் சொல்லலை. இன்னிக்கு வரைக்கும் ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்லலை. தம்பி போன்ல கேட்டப்போ சுருக்குன்னு குத்தினது அங்கதான். நான் அப்புறம் உட்கார்ந்து மாத்தி எழுதினேன்னு அவன்கிட்ட சொன்னா, "நானும் அப்புறம் கத்துக்கறேன்ணா, இப்ப சர்டிபிகேட் குடுங்க"ன்னுதானே சொல்லுவான்?

அன்னிக்கு ராத்திரி பூரா இதே யோசனை. எங்க வீட்டிலிருந்து ஒரு அரைமணி நேரப் பயணத்துக்குள்ள என்னென்ன இருந்திருக்கு! கிண்டியில அண்ணா பல்கலைக்கழகத்துல பல்கலைக்கழக-தொழில்துறை கூட்டு மையம். அவங்க வளாகத்துப் பசங்களுக்கு அது வேலை தேடித் தருது. ஐ.ஐ.டி. பக்கத்துலயே ரிசர்ச் பார்க். அங்க இடம் எடுத்திருக்கிற கம்பெனிகள் ஐ.ஐ.டி. பேராசிரியர்கள், மாணவர்களோட சேர்ந்து வேலை செஞ்சு கிரெடிட் சேர்க்கணும்னே விதி வெச்சிருக்காங்க. அந்தப் பையனுக்கு இன்டர்ன்ஷிப் தெரு தாண்டினா வந்துடும். தரமணி சி.ஐ.டி. வளாகத்துல மத்திய அரசோட தென்மண்டலத் தொழில் பழகுநர் பயிற்சி வாரியம் இருக்கு. 1961-லயே சட்டம், 1973-லேர்ந்து பி.இ., டிப்ளமோ படிச்சவங்களுக்கும் உண்டு. ஒரு வருஷம் கம்பெனியில பழகலாம். 2019-ல குறைஞ்சபட்ச உதவித்தொகையை பட்டதாரிக்கு மாசம் 9,000-ம்னு ஆக்கினாங்க. அதுல பாதியை அரசே கொடுக்குது. நாலு வருஷத்துல எங்க காலேஜ்ல ஒருத்தர் வாயிலிருந்தும் இந்தப் பேர் வரலை. வேலை கிடைக்காம ரெண்டு மாசம் வீட்டுல மூஞ்சியைத் தொங்கப் போட்டிருந்த காலத்துல தெரிஞ்சிருந்தா போய் க்யூவுல நின்னிருப்பேன். இப்போ 2022-லேர்ந்து 'நான் முதல்வன்' வந்து கொஞ்சம் தகவல் கீழே வரைக்கும் போகுது, சந்தோஷம்.

மறுநாள் என் காலேஜ் நண்பனுக்குப் போன் போட்டேன். அரியர் வெச்சிருந்தானே, அவனேதான். இப்போ தி.நகர்ல ஜவுளிக் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுத் தர்றான். ரெண்டு ரூம், நாலு பேர். "சம்பளம் கிடையாது, சாப்பாடு உண்டு, அனுப்பு"ன்னான்.

தம்பிக்குப் பிடிக்கலை. சித்திக்குச் சுத்தமாப் பிடிக்கலை. "ரங்கநாதன் தெருவுல கடையில நிக்கறதுக்காடா அவனை எஞ்சினியரிங் படிக்க வெச்சோம்? ஒரு லெட்டர் அடிச்சுக் குடுக்க உனக்கு அவ்ளோ கஷ்டமா?" சித்தி என்னைத் தூக்கி வளர்த்தவங்க. அதுக்கப்புறம் ரெண்டு மாசம் என்னோட பேசலை.

முதல் வாரம் முழுக்க பிரிண்டருக்குப் பேப்பர் ரோல் மாத்தினானாம். தினமும் ராத்திரி எனக்கு வாட்ஸ்அப்ல வசவு. ரெண்டாவது வாரம் வசவு குறைஞ்சு கேள்வி வர ஆரம்பிச்சுது. கரண்ட் போயிட்டு வந்தா ஏன் ஒரே பில் நம்பர் ரெண்டு தடவை வருது? மூணாவது வாரம் ஒரு சட்டைக் கணக்கு. அப்போ ஜி.எஸ்.டி. ரெடிமேட் துணிக்கு ஆயிரம் ரூபாய் வரைக்கும் 5 சதவீதம், தாண்டினா 12. (2025 செப்டம்பர் 22-லேர்ந்து அந்தக் கோடு 2,500 ஆயிடுச்சு.) வரிக்கு முன்னாடி 1,100 ரூபாய் சட்டை, பத்து சதவீதம் தள்ளுபடி போனா 990. வரி 49.50 வரணும். சாஃப்ட்வேர் பழைய விலையைப் பார்த்து 12 சதவீதம் போட்டு 118.80 வாங்கிக்கிட்டு இருந்துச்சு. ஒரு சட்டைக்கு 69 ரூபாய் 30 பைசா. இதை அவனா கண்டுபிடிக்கலை. கவுன்ட்டர்ல பில் போடற அக்கா, "தள்ளுபடி போட்டாலும் ரேட்டு இறங்க மாட்டேங்குதே தம்பி"ன்னு சொல்லியிருக்காங்க. ஏன்னு தேடினது இவன். ராத்திரி பதினொண்ணரைக்கு போன் பண்ணி அரைமணி நேரம் மூச்சு விடாம சொன்னான். எனக்கு அந்த இருபத்து மூணு வண்டி ஞாபகம் வந்துச்சு.

ஜூன் முடிஞ்சுது. நண்பன் சர்டிபிகேட் கொடுத்தான், காலேஜ்லயும் ஏத்துக்கிட்டாங்க. பேர் தெரியாத கம்பெனியா இருக்கேன்னு ஒரு சார் முணுமுணுத்தாராம்.

அப்புறம் ஆடி பொறந்துச்சு. தி.நகர்ல ஆடித் தள்ளுபடின்னா சொல்லவே வேணாம். ஒரு சனிக்கிழமை சாயந்தரம் சித்திகிட்டேர்ந்து போன். ரெண்டு மாசம் கழிச்சு. ஆசையா எடுத்தேன்.

"ஏன்டா, இன்னிக்கு காலேஜ்ல ப்ளேஸ்மென்ட்டுக்கு மாதிரிப் பரீட்சையாம். அதுக்குப் போகாம கடையில ஏதோ பில் நின்னு போச்சுன்னு காலையிலேயே ஓடிட்டான். போனையும் எடுக்க மாட்டேங்கறான். நீயே போய்க் கூட்டிட்டு வா."

கிளம்பிப் போனேன். உஸ்மான் ரோட்டுல இறங்கி அந்தக் கூட்டத்துல நீந்திப் போய்ச் சேர ஒரு மணி நேரம். கவுன்ட்டருக்குப் பின்னாடி தரையில உட்கார்ந்து மடியில லேப்டாப்பை வெச்சிருந்தான். "ஒரு அஞ்சு நிமிஷம்ணா"ன்னு நிமிர்ந்து பார்க்காமலே சொன்னான். ராத்திரி ஒன்பதரைக்குத்தான் வெளியே வந்தோம்.

டிஸ்கி: சித்திக்கு இந்தப் பக்கம் வர்ற பழக்கம் இல்லைங்கற தைரியத்துல எழுதினது. யாரும் போட்டுக் குடுத்துடாதீங்க.